தேதி வைத்து வரும் வேதம்

கத்தோலிக்க சர்ச்சுகளில் எந்த நாளில் எந்த வேதப் பகுதி வாசிக்கப்பட வேண்டும் என்பதை 1969ல் வந்த ஒரு பட்டியல் தீர்மானிக்கிறது. அது இந்தியாவில் எங்கே தைக்கிறது? எதை விட்டுவிடுகிறது?

ஜூன் மாதத்தின் நடுவில் சோட்டா நாக்பூர் பீடபூமியில் பருவமழை எட்டிப் பார்க்கும். ஜார்க்கண்டின் கும்லா, சிம்டேகா மாவட்டங்களில் ஏர் வயலில் இறங்கும் நேரம். ஆண்டு இரட்டைப்படையாக இருந்தால், அந்தச் சமயத்தில் ஒரு திங்கட்கிழமை காலைத் திருப்பலியில் ஒரு நிலப் பறிப்புக் கதை வாசிக்கப்படும்.

நாபோத்தின் திராட்சைத் தோட்டம் அரண்மனையை ஒட்டி இருக்கிறது. காய்கறி பயிரிட அது தனக்கு வேண்டும் என்கிறான் அரசன் ஆகாபு. அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், இல்லாவிட்டால் பணம் தருகிறேன் என்று பேரம் பேசுகிறான். மூதாதையர் விட்டுப்போன நிலத்தைக் கைமாற்ற முடியாது என்று மறுக்கிறார் நாபோத். அரசி ஈசபேல் பொய்ச் சாட்சிகளைத் தயார் செய்கிறாள். நாபோத் கல்லால் அடித்துக் கொல்லப்படுகிறார். தோட்டம் அரசன் கைக்குப் போகிறது.

இதைக் கேட்கும் ஆதிவாசிகளுக்கு விளக்கவுரை தேவையில்லை. அவர்களுடைய நிலம் வெளியாருக்குக் கைமாறுவதைத் தடுப்பது 1908ம் ஆண்டு சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம். அதைத் திருத்த ஜார்க்கண்ட் சட்டசபை 2016ல் மசோதா நிறைவேற்றியபோது மாநிலமே கொதித்தது. அப்போது ஆளுநராக இருந்த திரௌபதி முர்மு 2017ல் மசோதாவைத் திருப்பி அனுப்பினார். அரசும் பின்வாங்கியது. இந்தப் பகுதியில் சர்ச் வேரூன்றியதே நிலத் தகராறுகளின் வழியாகத்தான். 1885ல் இங்கே வந்த பெல்ஜிய நாட்டு ஏசு சபைப் பாதிரியார் கான்ஸ்டன்ட் லீவன்ஸ் ஆதிவாசிகளின் நில வழக்குகளுக்குத் துணை நின்றவர். 1908 சட்டம் உருவானதில் இன்னொரு ஏசு சபையாரான ஹோஃப்மனின் பங்கு உண்டு.

சிக்கல் அடுத்த பத்து நிமிடத்தில் வருகிறது. அதே காலையில் வாசிக்கப்படும் நற்செய்தி மத்தேயுவின் ஐந்தாம் அதிகாரம். ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டு, அங்கியைக் கேட்பவனுக்கு மேலாடையையும் கொடு என்று இயேசு சொல்லும் பகுதி. நிலத்தைப் பறிகொடுத்து உயிரையும் விட்டவனின் கதை முடிந்த கையோடு இது. பீடத்தில் நிற்கும் பாதிரியார் இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பேசுவார்?

இந்த இரண்டு பகுதிகளையும் யாரும் திட்டமிட்டு ஒன்றாக வைக்கவில்லை. அதுதான் தினசரி வாசகங்களின் விசேஷம். பாதிரியாருக்குப் பிடித்த பகுதி, பணக்கார விசுவாசிகளைச் சங்கடப்படுத்தாத பகுதி என்றெல்லாம் பொறுக்கி எடுக்க வழியில்லை. தேதி வந்தால் வாசகம் வரும்.

கணக்கு இப்படி

கத்தோலிக்கரின் திருவழிபாட்டு ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிறுதான் அதன் முதல் நாள். திருவருகைக் காலம், கிறிஸ்துமஸ் காலம், தவக்காலம், பாஸ்கா காலம் ஆகியவை போக மீதியுள்ள 33 அல்லது 34 வாரங்கள் 'பொதுக்காலம்'. பாதிரியாரின் மேலாடை ஊதாவா, வெள்ளையா, பச்சையா என்பதைப் பார்த்தே பழகியவர்கள் காலத்தைச் சொல்லிவிடுவார்கள்.

ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்று. முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. யோவானுக்குத் தனி ஆண்டு கிடையாது. தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் வருவார், மாற்கு ஆண்டின் நடுவிலும் ஐந்து ஞாயிறுகளை எடுத்துக்கொள்வார். ஆண்டு எண் மூன்றால் மீதியின்றி வகுபட்டால் அது லூக்கா ஆண்டு. 2025 அப்படிப்பட்டது. அந்த நவம்பர் 30ல் மத்தேயு ஆண்டு தொடங்கியது.

ஞாயிறன்று பழைய ஏற்பாட்டுப் பகுதி நற்செய்திக்குப் பொருத்தமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். கிழமை நாட்களில் அப்படி இல்லை. பொதுக்காலத்தில் முதல் வாசகம் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு தன் போக்கில் நகரும். ஒற்றைப்படை ஆண்டுக்கு ஒரு வரிசை, இரட்டைப்படைக்கு வேறு வரிசை. நற்செய்தியோ எல்லா ஆண்டும் ஒரே வரிசை. இரண்டு தண்டவாளங்கள் தனித்தனியே ஓடுகின்றன. நாபோத்தும் மறு கன்னமும் ஒரே காலையில் சந்திப்பது இதனால்தான்.

மும்பை, கோவா, ஷில்லாங், வேளாங்கண்ணி என்று லத்தீன் வழிபாட்டு முறை உள்ள இடங்களிலெல்லாம் அன்றைக்கு அதே பகுதிதான். கேரளத்தில் வேர்கொண்ட சீரோ மலபார், சீரோ மலங்கரா சபைகளுக்கு மட்டும் சொந்தப் பஞ்சாங்கம், சொந்தப் பட்டியல்.

நான்கு நூற்றாண்டுப் பழக்கம்

இந்த ஏற்பாட்டுக்கு வயது அதிகமில்லை. 1570ல் போப் ஐந்தாம் பயஸ் வெளியிட்ட பூசைப் புத்தகத்தில் ஓராண்டுச் சுற்றுதான். அதே நிருபம், அதே நற்செய்தி ஆண்டுதோறும் திரும்பி வரும். சாதாரணக் கிழமை நாட்களில் முந்தைய ஞாயிறின் வாசகத்தையே மறுபடி வாசிப்பார்கள், அல்லது புனிதர்களின் திருநாள் வாசகங்களைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். எல்லாம் லத்தீனில். பீடத்தில் வேதம் ஓடிக்கொண்டிருக்க, கீழே மக்கள் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டுச் சீர்திருத்த ஆவணத்தை நிறைவேற்றியது. ஆதரவு 2,147, எதிர்ப்பு 4. வேதத்தின் முக்கியப் பகுதிகள் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் மக்களுக்கு வாசித்துக் காட்டப்பட வேண்டும் என்பது அதன் கட்டளைகளில் ஒன்று. 1969 நவம்பர் 30 முதல் புதிய பட்டியல் அமலுக்கு வந்தது.

மாற்றம் எவ்வளவு பெரியது என்பதை அமெரிக்க ஏசு சபைப் பாதிரியார் பீலிக்ஸ் ஜஸ்ட் எண்ணிக் காட்டியிருக்கிறார். பழைய புத்தகத்தில் ஞாயிறுகளிலும் பெருவிழாக்களிலும் வந்தது, திருப்பாடல்கள் நீங்கலாக, பழைய ஏற்பாட்டில் சுமார் 1 சதவீதம். புதிய ஏற்பாட்டில் 16.5 சதவீதம். இப்போது ஞாயிறும் கிழமை நாட்களும் சேர்ந்து பழைய ஏற்பாட்டில் 13.5 சதவீதமும் புதிய ஏற்பாட்டில் 71.5 சதவீதமும் காதில் விழுகின்றன. பிற சபைகளும் இதைக் கவனித்தன. வட அமெரிக்க புராட்டஸ்டன்ட் சபைகள் 1992ல் வெளியிட்ட பொதுப் பட்டியலுக்கு அடித்தளம் இதுதான்.

எந்த மொழியில்?

பட்டியல் ரோமில் தயாரானாலும் வாசகம் உள்ளூர் வாயிலிருந்துதான் வர வேண்டும். இந்தியாவில் அந்த வேலை சாமானியமானதாக இல்லை. கொங்கணிக்காரர்களுக்கு ஒரே மொழி, ஆனால் கோவாவில் ரோமன் எழுத்து, மங்களூரில் கன்னட எழுத்து. இந்தி வட்டாரத்துக்குக் கைகொடுத்தவர் ராஞ்சியில் வாழ்ந்த காமில் புல்கே. பெல்ஜியத்தில் பிறந்து இந்தியக் குடிமகனான இந்தப் பாதிரியார், ராமகதையின் தோற்றம், வளர்ச்சி பற்றி இந்தியிலேயே ஆய்வு நூல் எழுதியவர். ஆங்கில-இந்தி அகராதி தொகுத்தவர். 1974ல் பத்மபூஷண் பெற்றவர். துளசிதாசரில் தோய்ந்த அவரது இந்திதான் வட இந்திய சர்ச்சுகளில் வேதத்தின் குரலானது.

தமிழில் கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு 1995ல் வெளிவந்தது. பவுல் தன் கடிதங்களில் சபையாரை விளிக்கும் இடங்களில் அது 'சகோதர சகோதரிகளே' என்கிறது. கூடியிருப்பவர்களில் பெண்களும் உண்டு என்பதை ஒரு சொல்லில் ஏற்றுக்கொண்ட மொழிபெயர்ப்பு.

ஆங்கிலத்தில் கதை வேறு திசையில் போனது. பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்த ஜெருசலேம் பைபிளுக்குப் பதிலாக இந்திய பிஷப்புகள் தேர்ந்தெடுத்தது இங்கிலீஷ் ஸ்டாண்டர்ட் வெர்ஷன். எவாஞ்சலிக்கல் புராட்டஸ்டன்ட் அறிஞர்கள் உருவாக்கிய இதன் கத்தோலிக்கப் பதிப்பு 2018ல் பெங்களூருவில் வெளியானது. மூலத்துக்கு வார்த்தைக்கு வார்த்தை நெருக்கமானது என்பது இதன் பெருமை. ஆனால் பவுலின் விளி இதில் 'சகோதரர்களே' என்றே நிற்கிறது; சகோதரிகளுக்கு அடிக்குறிப்பில்தான் இடம். அடிக்குறிப்பை யாரும் மைக்கில் வாசிப்பதில்லை.

இந்த மொழிபெயர்ப்பிலான வாசக நூல் அமலுக்கு வந்த நாள் 2020 ஏப்ரல் 5, குருத்து ஞாயிறு. நாடு ஊரடங்கில் இருந்தது. சர்ச் கதவுகள் பூட்டிக் கிடந்தன. புது நூலின் முதல் வாசகம் காலி பெஞ்சுகளுக்கும் ஒரு கேமராவுக்கும் வாசிக்கப்பட்டது. அன்றைய வாசகம் அச்சுப் புத்தகத்திலிருந்து வாட்ஸ்அப்புக்குக் குடியேறியதும் அந்த மாதங்களில்தான் வேகம் பிடித்தது.

உபநிஷதத்துக்கு இடமுண்டா?

இன்னொரு கேள்வி அதற்கும் முன்பே எழுந்தது. இந்தியாவில் வாசிக்க விவிலியம் மட்டும் போதுமா? இதை உரக்கக் கேட்டவர் தமிழ்நாட்டில் பிறந்த பாதிரியார் டி.எஸ். அமலோற்பவதாஸ். 1967ல் பெங்களூருவில் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தின் நிறுவன இயக்குனர். தரையில் அமர்வது, ஆரத்தி எடுப்பது, கைகூப்பி வணங்குவது உள்ளிட்ட 12 அம்சங்களுக்கு 1969 ஏப்ரலில் ரோம் ஒப்புதல் தந்திருந்தது. 1974 டிசம்பரில் அந்த மையம் பிற மத நூல்களைப் பற்றி ஒரு ஆய்வரங்கம் நடத்தியது. உபநிஷதங்களுக்கும் கீதைக்கும் கத்தோலிக்க வழிபாட்டில் இடமுண்டா என்பதுதான் விவாதம்.

ரோம் 1975ல் பதில் சொல்லிவிட்டது. விவிலியம் அல்லாத நூல்களைத் திருப்பலியில் வாசிப்பதை நிறுத்த வேண்டும் என்றது. ஆரத்தி தங்கியது, உபநிஷதம் வெளியே நின்றது. பட்டியலின் எல்லை எங்கே என்பது அதோடு தெளிவானது.

காலண்டர் செய்யும் வேலை

ஆனால் பட்டியலைத் தொடாமலே அதை இந்தியத்தனம் ஆக்கிவிடுகிறது காலண்டர். ஆகஸ்ட் 15 மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா. சுதந்திர தினமும் அதுவே. கொடியேற்றி முடித்து வரும் கூட்டம் கேட்கும் நற்செய்தி, லூக்காவில் வரும் மரியாவின் பாட்டு. வலியவர்கள் அரியணையிலிருந்து இறக்கப்படுவதையும், பசித்தவர்கள் நிரப்பப்படுவதையும், செல்வர்கள் வெறுங்கையோடு அனுப்பப்படுவதையும் ஒரு கிராமத்துப் பெண் பாடுகிறாள். ஆட்சியில் யார் இருந்தாலும் இந்த வாசகம் மாறுவதில்லை.

மத்தேயு ஆண்டின் தவக்காலம் மூன்றாம் ஞாயிறு கிணற்றடி சமாரியப் பெண்ணுக்கு உரியது. யூதர்கள் தீண்டாத சாதியைச் சேர்ந்தவள் போன்ற அவளிடம் இயேசு தண்ணீர் கேட்கிறார். 1927ல் மகாத் நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் அள்ளிய தண்ணீரை அறிந்த நாட்டில் இது வெறும் பழங்கதையாக இருக்க முடியாது. 2026ல் அந்த ஞாயிறு மார்ச் 8ல் வருகிறது, உலக மகளிர் தினத்தில்.

ஆனால் வாசகம் வாசிக்கப்படுவது ஒன்று. காதில் ஏறுவது வேறு. தலித் கத்தோலிக்கர்கள் சர்ச்சுக்குள்ளேயே பாகுபாட்டைச் சந்திக்கிறார்கள் என்பதை இந்திய பிஷப்புகளே 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டார்கள். கிணற்றடிக் கதை பல சுற்றுகள் வந்து போன பிறகு.

விட்டுப்போனவர்கள்

பட்டியல் நடுநிலையானது என்று நம்புவதில்தான் ஆபத்து. பாதிரியார் பொறுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் 1960களில் பட்டியலைத் தயாரித்தவர்கள் பொறுக்கினார்கள். அவர்கள் தாண்டிப்போன வசனங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு உருவம் தெரிகிறது.

ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜூலை நடுவே வரும் விடுதலைப் பயணத்தின் முதல் அதிகாரம் 14ம் வசனத்தில் நின்று 22க்குத் தாவுகிறது. நடுவில் விழுந்தவர்கள் சிப்ரா, பூவா என்ற இரு மருத்துவச்சிகள். ஆண் குழந்தைகளைப் பிரசவத்திலேயே கொல்லச் சொன்ன மன்னனின் உத்தரவை மீறியவர்கள். சிசுக்கொலையை அறிந்த நாட்டில் இவர்களுடைய பெயர் கேட்கப்பட்டிருந்தால் எத்தனை பேச்சு பிறந்திருக்கும்! ரோமையர் கடிதத்தின் கடைசி அதிகாரம் மூன்றாம் வசனத்தில்தான் தொடங்குகிறது. முதல் இரண்டில் பவுல் பாராட்டும் திருத்தொண்டர் பெபே என்ற பெண் காணாமல் போகிறார். பதினெட்டு ஆண்டுகள் கூனிக் கிடந்து இயேசுவால் நிமிர்ந்த பெண்ணுக்கு ஞாயிறு கிடையாது, ஒரு திங்கட்கிழமைதான். ஈஸ்டர் ஞாயிறு காலை நற்செய்தி யோவான் 20ன் ஒன்பதாம் வசனத்தோடு முடிகிறது. உயிர்த்த இயேசுவை முதலில் சந்தித்த மகதலா மரியாவின் காட்சி பதினொன்றாம் வசனத்தில் தொடங்குகிறது. அதைக் கேட்க செவ்வாய்க்கிழமை வர வேண்டும். செவ்வாய்க்கிழமை எத்தனை பேர் வருகிறார்கள்?

இதைவிட விசித்திரம் கலாத்தியர் கடிதத்துக்கு நேர்ந்தது. யூதரென்றும் கிரேக்கரென்றும், அடிமையென்றும் சுதந்திரரென்றும், ஆணென்றும் பெண்ணென்றும் இனி வேறுபாடில்லை என்று பவுல் எழுதிய பகுதி லூக்கா ஆண்டின் பொதுக்காலம் 12ம் ஞாயிறுக்கு உரியது. யாரும் வெட்டவில்லை. பட்டியலில் இருக்கிறது. ஆனால் அந்த ஞாயிறு ஜூன் 19க்கும் 25க்கும் இடையில் விழும். இந்தியாவில் கிறிஸ்துவின் திருவுடல், திருஇரத்தப் பெருவிழாவும் ஞாயிறன்று கொண்டாடப்படுகிறது. ஈஸ்டர் தள்ளிப்போனால் அது இதே ஞாயிறில் வந்து உட்கார்ந்துவிடும். 2019ல் ஜூன் 23, 2022ல் ஜூன் 19, 2025ல் ஜூன் 22 என்று மூன்று சுற்றிலும் அதுதான் நடந்தது. பெருவிழா வாசகம் வந்தது, கலாத்தியர் வாசகம் போனது.

ஆக, ஞாயிறு கூட்டம் அதைக் கடைசியாகக் கேட்டது 2016 ஜூன் 19 அன்று. கிரேக்கர், யூதர், அடிமை, சுதந்திரர் என்ற பட்டியல் கொலோசையர் கடிதம் வழியாக வேறொரு ஞாயிறில் வந்துவிடுகிறது. 'ஆண், பெண்' என்ற ஜோடி அங்கே இல்லை. இரட்டைப்படை ஆண்டுகளின் அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலையில் மட்டும், வழக்கமாக வரும் சிலருக்கு அது கேட்கும். அவர்களில் பாதிக்கு மேல் பெண்களாகத்தான் இருப்பார்கள்.

மைக் முன்னால்

வாசிப்பது யார் என்பதிலும் இதே கதை. இந்தியாவில் ஞாயிறு வாசகத்தை வாசிக்கப் பெண்கள் எழுந்து வருவது பல ஆண்டுகளாகவே சகஜம். ஆனால் 1972ல் போப் ஆறாம் பால் வகுத்த விதிப்படி முறையாக நியமிக்கப்பட்ட 'வாசகர்' பணி ஆண்களுக்கு மட்டுமே. பெண்கள் தற்காலிக ஏற்பாடு. அந்த விதியை மாற்றியவர் போப் பிரான்சிஸ், 2021 ஜனவரியில். மகதலா மரியாவின் நினைவு நாளை 2016ல் அப்போஸ்தலர்களுக்குச் சமமாகத் திருவிழா நிலைக்கு உயர்த்தியதும், பொதுக்காலம் மூன்றாம் ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறு என்று 2019ல் அறிவித்ததும் அவரே. மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்டினால் மக்கள் தூங்கிவிடுவார்கள் என்று 2024 ஜூனில் எச்சரித்ததும் அவர்தான்.

இந்த மாற்றங்கள் ஒரு விஷயத்தைக் காட்டுகின்றன. வேதம் மாறாது. ஆனால் வேதத்திலிருந்து எதை, எந்த நாளில், யார் குரலில் கேட்பது என்பது மனிதர்கள் வகுத்தது. வகுத்ததைத் திருத்தலாம், ஏற்கனவே திருத்தியும் இருக்கிறார்கள். விட்டுப்போன ஏழு வசனங்களையும் சேர்த்து வாசிக்க அதிக நேரம் பிடிக்காது, ஒரு நிமிடம் போதும். சிப்ராவும் பூவாவும் காத்திருப்பது அந்த ஒரு நிமிடத்துக்குத்தான்.

கலாத்தியருக்கு அவ்வளவு பாடில்லை. காலண்டர் தானாகவே வழிவிடும். ஈஸ்டரும் பெருவிழாவும் குறுக்கே வராமல், நாடெங்கும் ஞாயிறு திருப்பலியில் அந்த வாசகம் மறுபடி ஒலிக்க வேண்டிய நாள் 2028 ஜூன் 25. நடுவே கழிந்திருப்பது பன்னிரண்டு ஆண்டுகள்.